படமா, தடமா?

மார்ச் 2

பூச்சிக்கு,

பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, அண்ணன் இறங்கி வந்துவிட்டான் என்று அங்கே யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியாதே. இறங்கவில்லை. ஏறின இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். நீ பாட்டுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன் என்று அந்த ஊருக்குப் போய்விட்டாய். இங்கே அச்சகத்து மாடியில் நீ வாடகைக்கு எடுத்திருக்கும் அறை மழையில் ஒழுகுகிறது. வீட்டுக்காரர் உன் அண்ணியைக் கூப்பிட்டு, "உங்க நாத்தனாரோட பெரிய படம் ஒண்ணு நனையுதும்மா, வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வேலை முடிந்து வந்து பார்த்தால், ஹாலில் சோபா மூலைக்கு ஒதுங்கிக் கிடக்கிறது, சுவர் நீளத்துக்கு உன் படம் நிற்கிறது. நல்லவேளை, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள்.

"எனக்காகவா திருப்பி வெச்சே?" என்று கேட்டேன்.

"உங்களுக்காக இல்ல, படத்துக்காக. நீங்க முறைச்சா பெயிண்ட் உதிர்ந்துடும்" என்றாள். அவள் எப்போதுமே உன் கட்சி.

நான் எதையும் மறக்கவில்லை. போன வருஷம் நீ கண்காட்சியில் வைத்த 'மருந்துக்காரன்' படத்தைச் சொல்கிறேன். முதுகில் மருந்து டாங்கி தசையோடு ஒட்டிப்போன ஒருத்தன். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பிரேயர் மூக்கு. அவன் மூச்சு விட்டால் எதிரே இருக்கிற காடு கருகுகிறது, மேகம்கூடப் புழுவாகச் சுருண்டு விழுகிறது. சரி, கற்பனை என்று விட்டுவிடலாம். ஆனால் நெற்றியும் காதும் என்னுடையது. நான் கரையான் மருந்து அடிக்கப் போகிற ஒரு வீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து, "உங்களைப் படத்துல பார்த்தேங்க, நேர்ல அவ்வளவு பயங்கரமா இல்லையே" என்றாள். உன்னைக் கேட்டால், "அது நீ இல்லண்ணா, மனித குலம்" என்றாய். மனித குலத்துக்கு என் காது எதற்கு? உலகத்தில் வேறு காதே கிடைக்கவில்லையா?

அன்றைக்கே சொல்லிவிட்டேன், உன்னோடு இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று. சொன்னது சொன்னதுதான்.

படம் எத்தனை நாள் இங்கே இருக்கும், அதற்கு எது ஆகும், எது ஆகாது என்று எழுது. உன் அண்ணியிடம் போனில் சொல்லாதே. அவள் பாதியை மறந்துவிட்டு மீதியைச் சொந்தமாகச் சேர்த்துச் சொல்லுவாள்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். முதலில் நன்றி. திட்டினதற்கும் சேர்த்துத்தான். உன் குரலைக் கேட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. கடிதத்தைப் படித்தபோது கேட்ட மாதிரியே இருந்தது.

என் புதுப் படத்துக்கு உன் வீட்டு ஹாலில் இடம் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் கலைக்கூடத்து வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகும். மே மாதம் கண்காட்சி. இதுவரை எனக்குக் கொடுத்ததெல்லாம் படிக்கட்டு ஓரமும் கழிவறைக்குப் போகிற வழியும்தான். இந்தத் தடவை அந்தப் படத்துக்கென்று ஒரு முழுச் சுவர் ஒதுக்கியிருக்கிறார்கள். சொன்ன நாளில் படம் போய்ச் சேராவிட்டால் சுவர் வேறு யாருக்காவது போய்விடும். அப்புறம் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

வெயில் படாமல் பார்த்துக்கொள். பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஆயில் பெயிண்ட் தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், உள்ளே மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். உன் கோபம் மாதிரி. முக்கியமாக, உன் மருந்துச் சாமான் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. மண்ணெண்ணெய் கலந்தது ஒரு சொட்டுப் பட்டாலும் கரைந்துவிடும்.

இன்னொன்று. முடிந்தால் திருப்பிப் பார்க்காதே. பார்த்தால் மறுபடி சண்டை வருமோ என்று பயமாக இருக்கிறது. படத்தில் ஒரு இடம் முடிக்காமல் இருக்கிறது. அதைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இன்றைக்கு வேண்டாம். தைரியம் வரட்டும், கேட்கிறேன்.

அண்ணிக்கு ஒரு பெரிய கும்பிடு.

பூச்சி


மார்ச் 21

பூச்சிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் அண்ணிக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. பால்கனிக் கதவு மழையில் ஊறிப்போய்ச் சாத்த மாட்டேன் என்கிறது, தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். மழைக்குப் பிறகு எனக்கு வேலை நிறைய. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

இருக்கிறது. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கதவு வரைக்கும் சுற்றி வந்துவிட்டேன்.

பல் பிடுங்கிக்கொண்டு வந்த உன் அண்ணி, வலியை மறக்க உன் படத்தைத் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு தூசி விழாமல் மேலே ஒரு படுக்கை விரிப்பைப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். விரிப்பு தரை வரைக்கும் எட்டவில்லை. நான் வேலையிலிருந்து உள்ளே நுழைகிறேன். டாங்கியைக்கூட இன்னும் கழற்றவில்லை. விரிப்புக்குக் கீழே ஒரு மர மேசையின் கால் தெரிகிறது. தரையிலிருந்து கிளம்பி, அந்தக் காலை ஒட்டிக்கொண்டு, கரையான் கட்டின மண் தடம் மேலே ஏறுகிறது.

நம் ஹாலில் இப்படி ஒரு மேசை ஏது என்று யோசித்திருக்க வேண்டும். கரையானைப் பார்த்துவிட்டால் எனக்கு மூளைக்கு முன்னால் கை யோசித்துவிடும். அடித்தேன்.

சத்தம் கேட்டு உன் அண்ணி எழுந்து ஓடி வந்தாள். பல் டாக்டர் போட்ட ஊசி இன்னும் தெளியவில்லை, உதடு மரத்துக் கிடக்கிறது, வாயில் பஞ்சு வேறு. "ஏங்க, தடங்க! தடங்க!" என்று கத்தினாள்.

"தெரியுது, தடம்தான். எவ்வளவு ஈரமா இருக்கு பாரு, புதுத் தடம்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் நன்றாக அடித்தேன்.

"ஐயையோ, தடங்க! தங்கச்சி தடங்க!"

"தங்கச்சிக்கு அப்புறம் சொல்லிக்கலாம், முதல்ல அந்தத் துணியை எடு" என்றேன். அவள் எடுக்கவில்லை. நானே எடுத்துத் தேய்த்தேன். தடத்தை உடைத்தால் உள்ளே பூச்சி ஓடும். ஒன்றும் ஓடவில்லை. துணியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. மண் என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் எட்டி விரிப்பை இழுத்தாள். மேசைக்கு மேலே ஒரு நகரமே இருந்தது.

உதடு ஒட்டாமல் 'ப' வராத பாவி, படம் என்பதைத் தடம் என்று சொல்லியிருக்கிறாள். நான் ஆமாம் ஆமாம் என்று அடித்திருக்கிறேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். அப்புறம் படத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். மரத்துப்போன வாயோடு அழுகிறவளை நீ பார்த்ததில்லையே, பார்க்கவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலில் எனக்குத் தலை நரைத்துவிட்டது. காய்ந்துபோன தடத்தை உயிருள்ள தடம் என்று ஒருநாளும் ஏமாந்ததில்லை. உன் தடத்தில் ஏமாந்தேன். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. மன்னிப்பு தனியாகக் கேட்கிறேன். மன்னித்துவிடு.

அண்ணன்


மார்ச் 26

அண்ணா,

அண்ணி அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். மேசையின் முன்னங்கால் பாதிக்கு மேல் இல்லை. தரை வரைக்கும் வழிந்து ஒரே அழுக்குக் கோடாக இருக்கிறது.

அதை இனிமேல் தொடாதே. துடைக்காதே. சரிசெய்கிறேன் என்று கிளம்பாதே. என்னால் ஏப்ரல் மூன்றாவது வாரம்வரை இங்கிருந்து அசைய முடியாது. நான் வந்து திரும்ப வரைந்தால், வண்டி வருவதற்குள் காயாது. காயாத படத்தை அவர்கள் ஏற்ற மாட்டார்கள்.

நீ தமாஷாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்துச் சாமான் பக்கத்தில் வரக் கூடாது என்று எழுதினேனா இல்லையா?

உன் கையில் அகப்பட்டது எதுவும் உயிரோடு தப்பாது. போன வருஷம் நான் வரைந்தது சரிதான்.

பூச்சி


ஏப்ரல் 3

பூச்சிக்கு,

கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டேன் என்று உன் கடிதத்தை உன் அண்ணியைப் படிக்கச் சொன்னேன். கடைசி இரண்டு வரியை அவள் படிக்காமல் விட்டுவிட்டாள். கண்ணாடி கிடைத்ததும் நானே படித்துக்கொண்டேன்.

தப்பு என்னுடையது. நீ எத்தனை திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எதுவும் தப்பாது என்று எழுதிவிட்டாயே, தீப்பெட்டிகளை மறந்துவிட்டாயா? எந்த வீட்டுக்கு மருந்து அடிக்கப் போனாலும், அடிப்பதற்கு முன்னால் ஒன்றைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு, மருந்து படாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவேன். வண்டு, வெட்டுக்கிளி, ஒருதரம் பல்லிக்குட்டி. நீ குப்புறப் படுத்துக்கொண்டு வரைவாய், முடித்ததும் ஜன்னலைத் திறந்து விட்டுவிடுவாய். பூச்சி என்று உனக்குப் பேர் வந்ததே அதனால்தான். அத்தனையும் என் கையிலிருந்து உயிரோடு வந்ததுதான். திட்டுகிறபோது அதையும் சேர்த்து வைத்துத் திட்டு.

அது போகட்டும். நீ தொடாதே என்று எழுதிய கடிதம் வருவதற்கு முன்னாலேயே தொட்டுவிட்டேன். மருந்து படத் துணிக்குள் இறங்கிப் பின்பக்கம் வந்திருக்கிறதா என்று பார்க்கலாமென்று தச்சரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி முன்னால் இழுத்தேன். பின்னால் பார்த்தால், அடிச் சட்டம் முழுக்கக் கரையான். நிஜக் கரையான். சொன்னால் வெட்கக்கேடு, உன் அறையிலிருந்து வந்ததில்லை, என் வீட்டுச் சுவரிலிருந்து வந்தது. ஊர் வீடெல்லாம் மருந்து அடிக்கிறவன் சொந்த ஹாலைப் பார்க்கவில்லை. படம் சுவரை ஒட்டி நின்றதும், சாவகாசமாக ஏறிச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறது. முன்னால் நான் பொய்க் கரையானோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், பின்னால் நிஜக் கரையான் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

படத் துணியைக் கரையான் இன்னும் தொடவில்லை. தொடுகிற தூரத்தில் இருந்தது. டாங்கியை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். உன் அண்ணியின் பின்னல் ஊசி, உன் பழைய பிரஷ் ஒன்று, என் விரல், இவ்வளவுதான். ஒவ்வொன்றாக எடுத்தேன். இந்தக் கையால் கரையானை இவ்வளவு மரியாதையாக நடத்தினது இதுதான் முதல் தடவை. தச்சர் சட்டத்தைக் கழற்றிப் புதுக் கட்டை போட்டுக் கொடுத்தார். முன்பக்கம் மூச்சுக்கூடப் படாமல் பார்த்துக்கொண்டோம்.

"அன்னைக்கு என் உதடு ஒழுங்கா ஒட்டியிருந்தா, இன்னைக்கு இந்தப் படம் கரையான் வயித்துல" என்று உன் அண்ணி சொல்லிக்கொண்டு திரிகிறாள். பல் பிடுங்கினதற்கு உன்னிடமிருந்து நன்றி வர வேண்டுமாம்.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

அந்த இரண்டு வரியையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். படிக்காமல் விடத் தெரிந்த அண்ணிக்கு இருக்கிற புத்தி எழுதுகிற எனக்கு இல்லாமல் போயிற்று.

தீப்பெட்டிகளை நான் எப்படி மறப்பேன்? செத்த பூச்சியைப் பார்த்து வரைகிறவர்கள் கால்களை மடக்கித்தான் வரைவார்கள். நான் ஓடுகிற காலைப் பார்த்து வரைந்தவள். ஈர மண்ணையும் காய்ந்த மண்ணையும் தடம் தடமாக உன்னோடு பார்த்தவள். நீ ஏமாந்தது நீ கொண்டுவந்து கொடுத்ததில்தான். எத்தனையோ பேர் என் படத்தின் முன்னால் நின்று தலையை ஆட்டிவிட்டு, "ஆழமா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கிறார்கள். ஒருத்தர்கூட முதுகில் டாங்கியோடு சண்டைக்கு வந்ததில்லை. இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இனிமேல் எங்கே கிடைக்கும்?

அந்தக் கோட்டை நான் திருத்தப் போவதில்லை. இரண்டு நாளாகப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் சொல்கிறேன். மனிதன் இயற்கையோடு மல்லுக்கு நிற்கிறான் என்று வருஷக்கணக்காக வரைகிறேன். மல்லுக்கு நின்றவன் எவனும் என் படத்துக்குள் வந்ததில்லை. நீ வந்து மேசையின் ஒரு காலைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறாய். அது அங்கேயே இருக்கட்டும்.

நன்றி, அண்ணா. பின்னல் ஊசிக்கு, விரலுக்கு, மாடிக்குப் போன டாங்கிக்கு. அண்ணியின் கடைவாய்ப் பல்லுக்கு. யோசித்துப் பார்த்தால், நான் வரைகிறவளாக ஆனதற்கே உன் சட்டைப் பைதான் காரணம். இதை நேரில் சொன்னால் நீ எழுந்து போய்விடுவாய். கடிதத்தில் எழுந்து போக முடியாது, உட்கார்ந்து படி.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். படத்தை நீ முழுசாகப் பார்த்திருப்பாய். கூரை இல்லாத வீடு, நடுவில் மேசை, மேசைமேல் தட்டில் பரிமாறின நகரம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, சொத்துப் பிரிக்கிற மாதிரி, ஒரு ஆற்றைத் துணி போலப் பிடித்து ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். அந்த இரண்டு பேரில் மனிதனுக்கு இன்னும் முகம் இல்லை. போன தடவை கேட்காமல் எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை கேட்காமல் போட மாட்டேன். உன் முகத்தைத் தருவாயா? முடியாது என்றால் அப்படியே வெறுமையாகத்தான் அனுப்புவேன். வேறு முகம் எனக்கு வரவில்லை. முகம் மாதிரிச் சின்ன இடத்துக்கு மட்டும் ஆகிற, சீக்கிரம் காய்கிற பெயிண்ட் ஒன்று இங்கே வாங்கி வைத்திருக்கிறேன். சரி என்றால் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

பூச்சி


ஏப்ரல் 14

பூச்சிக்கு,

கடிதத்தை உன் அண்ணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். சட்டைப் பை வரைக்கும் வந்தேன். அங்கே கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன். மீதியை அவள் படித்தாள்.

முகம்தானே, எடுத்துக்கொள். ஆனால் சும்மா தர மாட்டேன். காதை உள்ள அளவுக்கே போடு. டாங்கி வேண்டாம். எந்த மருந்துக்காரனும் டாங்கியை முதுகில் வைத்துக்கொண்டு மேசையில் வந்து உட்கார மாட்டான், வீட்டில் விடமாட்டார்கள். தலைமுடி இப்போது இருக்கிற அளவுக்குத்தான் இருக்க வேண்டுமாம், இல்லாத முடியைப் போட்டு ஊரை ஏமாற்றக் கூடாது என்று உன் அண்ணி சொல்லச் சொன்னாள்.

ஹாலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் படம்தான் நிற்கிறது, தினமும் பார்க்கிறேன். கூண்டில் அடைத்துத் தொங்கவிட்ட மேகம், குழாயைத் திறந்தால் கொட்டுகிற மணல், சட்டை போட்டுக்கொண்டு கையில் பைலோடு வரிசையில் நிற்கிற மரங்கள். முதலில் எல்லாம் கிறுக்குத்தனமாக இருந்தது. அந்த மரங்கள் நிற்கிற நிற்பைப் பார்த்தால், நானே எத்தனை அலுவலகத்தில் அப்படி நின்றிருக்கிறேன் என்று தோன்றிவிட்டது. நாலு நாளாக அவர்களுக்காக எனக்கே கால் வலிக்கிறது.

எதிர் நாற்காலிக்காரியையும் பார்த்தேன். முடியெல்லாம் வேர், விலா எலும்புக்குள் தேன்கூடு, விரலெல்லாம் குச்சி. சரி, இவள்தான் இயற்கை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் பார்த்தால் இடது புருவத்தில் ஒரு தழும்பு. பால்கனிக் கம்பியில் முட்டிக்கொண்டு நீ வாங்கின தழும்பு. என்னை மனித குலம் ஆக்கிவிட்டு நீ போய் அந்தப் பக்கம் சொகுசாக உட்கார்ந்துகொண்டாயா? நல்ல ஆளம்மா நீ.

சண்டைக்குச் சொல்லவில்லை. அண்ணன் தங்கை என்று தெரிந்ததும்தான் எனக்குப் படமே புரிந்தது. அதனால் கடைசியாக ஒன்று கேட்கிறேன், இதை மட்டும் தட்டாதே. மேசை சாய்கிறது. காலைக் கரைத்தவன் நான். ஆற்றை இழுத்துக்கொண்டிருக்கிற கையில் ஒன்றை எடுத்து, மேசையைக் கீழே இருந்து பிடிக்கிற மாதிரிப் போட்டுவிடு. மேசை விழுந்தால் இரண்டு பேர் காலிலும்தானே விழும்?

அண்ணன்


ஏப்ரல் 23, ஹாலில் அண்ணி கைமாற்றிய சீட்டுகள்

அண்ணா, ஒரே ஹாலில் நீ உட்கார்ந்திருக்கிறாய், நான் வரைகிறேன், நடுவில் அண்ணி தபால்காரர் வேலை பார்க்கிறார்கள். இது உனக்கே நன்றாக இருக்கிறதா? இருக்கட்டும். தாடையை ஆட்டாதே.

பூச்சிக்கு, நான் பேசவே இல்லையே, எங்கே ஆட்டினேன்?

பேச வாயெடுக்கிறாய், அப்புறம் முழுங்குகிறாய். முழுங்கும்போது ஆடுகிறது. வாயெடுத்ததும் அப்படியே நில். முழுங்காதே.

எவ்வளவு நேரம் முழுங்காமல் இருக்க வேண்டும்? டீ ஆறுகிறது.

இது அண்ணியின் கையெழுத்து: இனிமேல் ஒரு சீட்டுகூடக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டேன். இரண்டு பேரும் வாயை என்ன வாடகைக்கா விட்டிருக்கிறீர்கள்?


மே 8

அண்ணா,

திறப்பு விழாவுக்கு அண்ணி வந்தார்கள், நீ வரவில்லை. ஏதோ கிடங்கில் அவசர வேலை என்றார்கள். கிடங்கா, பிடிவாதமா என்று நான் கேட்கவில்லை.

வாசலில் நுழைந்ததும் எதிரே அதுதான். முழுச் சுவர். படத்துக்கு 'தடம்' என்று பேர் வைத்துவிட்டேன், பேர் வைத்தது அண்ணியின் உதடு. படத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டுவார்கள், எதில் வரைந்தது என்று அதில் போட வேண்டும். நான் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுக் கலைக்கூடத்து அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்கள். இப்போது அங்கே இப்படித்தான் இருக்கிறது: 'கான்வாஸில் ஆயில் பெயிண்ட், கரையான் மருந்து.'

பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். இயற்கை, மனிதன் என்று என்னென்னவோ தயாரித்துக்கொண்டு போயிருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது. "இந்தப் படத்துல பாதி எங்கண்ணன் கை. அவருக்கு நன்றி. அவர் இங்க இல்ல, ஆனா படத்துல இருக்கார்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கை தட்டினார்கள். எனக்கு ஒரு ஆள் கை தட்டவில்லையே என்று இருந்தது.

வகுப்புக்குத் திரும்பி வந்துவிட்டேன். கண்காட்சி மாதம் முழுக்க உண்டு. முடிந்தபோது போய்ப் பார். அங்கே உன் முகம் காத்துக்கொண்டிருக்கிறது.

பூச்சி


மே 19

பூச்சிக்கு,

கிடங்கு இல்லை, பிடிவாதம்தான். விழாவுக்கு வந்தால் நாலு பேர் முன்னால் உன்னோடு பேச வேண்டியிருக்கும், பேசினால் அழுதுவிடுவேனோ என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

நேற்று வேலை நாளாகப் பார்த்து, கூட்டம் இல்லாத நேரத்தில் உன் அண்ணியும் நானும் போனோம். இஸ்திரி போட்ட சட்டை. படத்தை எங்கள் ஹாலிலேயே அவ்வளவு நாள் பார்த்தவன்தான். ஆனாலும் அந்தச் சுவரில், அந்த வெளிச்சத்தில் பார்த்ததும் எனக்கே புதுசாக இருந்தது. அட்டையையும் படித்தேன். நான் அடித்த மருந்துக்கு இப்படி ஒரு இடம் கிடைக்கும் என்று எந்தக் கம்பெனிக்காரன் நினைத்திருப்பான்?

அப்போது எங்களுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா குனிந்து மேசையின் பின்னங்காலைப் பார்த்தாள். அந்தக் காலில் நீ வரைந்த தடம் அப்படியே இருக்கிறதே. "ஐயையோ, கரையான்! இவ்வளவு நல்ல படத்தை இப்படியா வெச்சிருப்பாங்க? யாராவது மருந்துக்காரரைக் கூப்பிடுங்களேன்!" என்று சத்தம் போட்டாள். காவலாளி ஓடி வந்தார்.

"கூப்பிட வேண்டாங்க, நான்தான் மருந்துக்காரன். அது படம்ங்க" என்றேன்.

"தடம்தானே, நல்லா தெரியுதே" என்றாள் அந்த அம்மா. உன் அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். அந்த அம்மா என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "நீங்களா இது?" என்று கேட்டாள். போன வருஷம் இந்தக் கேள்விக்குத்தான் உன்னோடு சண்டை போட்டேன். நேற்று, "ஆமாங்க, நான்தான். எதிர்ல இருக்கிறது என் தங்கச்சி" என்று சொன்னேன். சொல்லிவிட்டு நன்றாக நிமிர்ந்து நின்றேன்.

நீ நான் கேட்டபடியே போட்டிருக்கிறாய். ஒரு கை ஆற்றை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் வந்திருக்கிறது. இன்னொன்றை நான் வீட்டில் கவனிக்கவே இல்லை. மேசைக்கு அடியில், நிழலில், குச்சி விரலாக இன்னொரு கையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை எப்போது வரைந்தாய்? நான் டீ குடிக்கப் போனபோதா? நன்றி, பூச்சி. நீ எனக்கு எத்தனை நன்றி எழுதினாய், நான் ஒன்றுகூடச் சொல்லவில்லை. இந்த முகத்தை இத்தனை நாள் கண்ணாடியில் சவரம் செய்வதற்கு மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நீ பார்த்த மாதிரி யாரும் பார்த்ததில்லை.

கிளம்பும்போது உன் அண்ணி கேட்டாள்: "படத்துல வாயைத் திறந்துக்கிட்டே இருக்கீங்களே, அன்னைக்கு அவகிட்ட என்ன சொல்ல வந்தீங்க?" எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதை அவளிடம் எதற்குச் சொல்ல?

ஆனால் படத்தில் இருக்கிறவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அவன் எத்தனை நாள்தான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பான்?

உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்றுதானே சொன்னேன். ஒரு வார்த்தையோடு நிறுத்தினால்தானே தப்பு? ஒரு வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்ததும் உன் அண்ணிக்குச் சொல்லிவிடு. அன்று சாயங்காலம் போன் அடிக்கும். எடு.

அண்ணன்